பெற்றோர் கைபேசி எண்

1

ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடம் முடிந்த அன்று காலையில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். அந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. இதில் கொண்டாட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் வீட்டில் ரவை இருந்தது, கிண்டினேன். முந்திரி சிவக்கிற நேரம் பார்த்து ஜன்னலோரம் வைத்திருந்த பழைய போன் சத்தம் போட்டது.

அந்தப் போனில் இருப்பது என் ஊர் நம்பர். மாதம் தவறாமல் மைத்துனர் ரீசார்ஜ் செய்துவிடுவார். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் பலரும் இப்படி ஊர் நம்பர் ஒன்றை உயிரோடு வைத்திருப்பார்கள், பாங்க் கணக்குக்காக. என் கதை வேறு. எனக்கு வருகிற ஓடிபி எல்லாம் கும்மிடிப்பூண்டியில் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சேர வேண்டியது. ஆறு இலக்கம், பத்து நிமிடம்தான் செல்லும், யாரிடமும் பகிராதீர்கள் என்று கீழே ஒரு எச்சரிக்கை. பகிர்வதற்காகவே நான் அந்தப் போனுக்குச் சார்ஜ் போடுகிறேன்.

அந்த ஓடிபியில் யாருடைய பெயரும் இருக்காது. யாருக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. அதனால் பிள்ளைகளும் நானும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். முதலில் வாட்ஸப்பில் ஒரு மிஸ்டு கால், அதன் பின்னாலேயே ஓடிபி. மிஸ்டு கால் யாருடையதோ ஓடிபியும் அவருடையது. அன்றைக்கு வந்த மிஸ்டு கால் ஜீவிதாவுடையது. நான் எண்ணைத் தட்டி அனுப்புவதற்குள் அவள் வாய்ஸ் மெசேஜே வந்துவிட்டது.

"மிஸ், வந்துச்சா? சென்டர்காரு பேஜார் பண்றாரு மிஸ், பின்னாடி கியூ நிக்குது."

அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் கேசரி அடிப்பிடித்திருந்தது.

2

கும்மிடிப்பூண்டி பக்கத்தில், அரசு உதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் எடுத்தேன். பிறந்தது மணவாள நகர், வாழ்க்கைப்பட்டது கும்மிடிப்பூண்டி. அறிவியல் எடுத்தேன் என்று சொல்கிறேனே தவிர, கடைசி இரண்டு வருடம் நான் எடுத்தது பெரும்பாலும் போட்டோதான். சத்துணவை எடு, செடி நட்டதை எடு, பிள்ளைகள் கை கழுவுவதை எடு, எடுத்ததை ஏற்று. பத்து மணிக்குள் வருகைப்பதிவு செயலியில் ஏறியாக வேண்டும். கட்டடத்துக்குள் சிக்னல் கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே ஒரு மூலையில் மட்டும் கிடைக்கும். காலையில் நீங்கள் அந்தப் பக்கம் ரயிலில் போயிருந்தால் பார்த்திருக்கலாம். டீச்சர்கள் எல்லோரும் மாடியில் நின்று ஒரே திசையில் கையை உயர்த்திக்கொண்டிருப்போம். கீழே வகுப்பில் லீடர் பிள்ளை பிரம்பை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும்.

அந்தச் சமயத்தில்தான் மாணவர் விவரம் எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்று வந்தது. அதில் ஒரு கட்டம், பெற்றோர் கைபேசி எண். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மா யார் என்று சொல்ல வேண்டும். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகள் இன்று கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். கான்ட்ராக்ட் வேலை. எந்த சிம்மில் சலுகை இருக்கிறதோ அந்த சிம். மூன்று மாதம் ஒரு நம்பர், தீபாவளிக்கு வேறு நம்பர். பாதி அம்மாக்களுக்குப் போனே இல்லை. ஜீவிதாவின் அம்மா கன்னியம்மா, ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர், புருஷன் இல்லாதவர், போன் நம்பர் கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரியின் நம்பரைச் சொன்னார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி அடுத்த வாரமே காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

எங்கள் தலைமையாசிரியை எஸ்தர் மிஸ் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து ஒரே வரியில் முடித்தார். "நம்பர் இல்லாத புள்ளைங்களுக்குக் கிளாஸ் டீச்சர் நம்பரப் போட்டுக்கினு அனுப்புங்கம்மா. நம்ம புள்ளைங்கதான?"

போட்டோம். எங்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. தாய் இல்லாத பிள்ளைக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டுவதும், பூ வாங்கித் தருவதும், வயதுக்கு வந்தால் வீடு வரை கொண்டுபோய் விடுவதும் அந்தப் பள்ளியில் டீச்சர் வேலைதான். நம்பரும் அதுபோல ஒன்று என்று நினைத்தோம். ஆறாம் வகுப்பு பி பிரிவில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு நான் தாயானேன். பக்கத்துப் பிரிவுக்குக் கணக்கு சார் தகப்பனானார். எஸ்தர் மிஸ்ஸுக்கு ஊரெல்லாம் பிள்ளை.

அந்த வருடம் முடிந்து, கணவருக்கு இங்கே வேலை கிடைத்துக் கிளம்பும்போது நம்பர்களை மாற்றிவிடலாம் என்று கேட்டேன். இப்போது தளத்தில் எடிட் மூடியிருக்கிறது, திறக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார் எஸ்தர் மிஸ். அது திறந்த சமயங்களில் ஒன்று பரீட்சை நடந்தது, இல்லாவிட்டால் தேர்தல் வேலை நடந்தது. விமானம் ஏறினேன். என் கையைப் பிடித்தபடி மகன் நித்தின், கைப்பைக்குள் அந்தப் பிள்ளைகள்.

3

இங்கே என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்கு ஸ்கூலில் வேலை என்று சொல்கிறேன். பொய் இல்லை. ஒரு தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு வைத்து, பரிமாறி, பிள்ளைகள் கத்தாமல் பார்த்துக்கொள்கிறேன். என் பி.எட். பட்டம் இங்கே செல்லுமா என்று கேட்டு விண்ணப்பித்ததற்கு முதலில் மூலச் சான்றிதழ் கேட்டார்கள், பிறகு மொழிபெயர்ப்பு கேட்டார்கள், பிறகு மொழிபெயர்த்தவருக்கு மொழிபெயர்க்கத் தகுதி உண்டு என்பதற்குச் சான்றிதழ் கேட்டார்கள். எல்லாம் தபாலில். இந்த வளர்ந்த நாட்டில் இன்னும் ஃபேக்ஸ் அனுப்புகிறார்கள் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. நான்காவது வருடம் நானே கேட்பதை விட்டுவிட்டேன்.

என் ஜெர்மன் சாப்பாட்டுக் கூடத்து ஜெர்மன். சின்னப் பிள்ளைகளிடம் கற்றது. இங்கேயும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. பிள்ளைகள் எல்லோரையும் நீ என்றுதான் சொல்வார்கள். அதையே பிடித்துக்கொண்டு முதல் மாதம் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியையிடம் போய், "நீ சாப்பிட்டியா, இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோ" என்கிற தொனியில் பேசிவிட்டேன். அந்த அம்மாள் சிரிக்காமல் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டார். விஷயம் தெரிந்த பிறகு ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் உருளைக்கிழங்குச் சட்டிக்குப் பின்னால் நின்றேன்.

போன வருடம் அந்தப் பள்ளியிலும் செயலி வந்தது. லீவு சொல்வது, சாப்பாட்டுக்குப் பதிவது, சுற்றறிக்கை எல்லாம் இனி போனில். தலைமையாசிரியை எல்லோரையும் கூப்பிட்டார், கூட்டுகிறவர், பரிமாறுகிற நான் உட்பட. எனக்கும் இது இன்னும் பிடிபடவில்லை என்றுதான் ஆரம்பித்தார். அதனால் இந்த ஒரு வருடம் காகிதமும் கூடவே ஓடும். புதன்கிழமை மதியம் வாசலில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், போனைத் தூக்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம். செயலி தெரியவில்லை என்பதற்காக ஒரு குழந்தைக்கும் சாப்பாடு நிற்கக் கூடாது. இவ்வளவுதான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. எங்கள் எஸ்தர் மிஸ்ஸுக்கு ஒரு நாளாவது எனக்கு இது புரியவில்லை என்று சொல்ல அனுமதி இருந்ததா? தலைமையாசிரியர்கள் தொழில்நுட்பத்துக்குப் பழக வேண்டும் என்று வருடா வருடம் பயிற்சி வைத்தார்கள். ஒன்றுவிடாமல் போனார் அவர். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அழுத்தியது தப்பாகப் போனால் யாரிடம் போவது என்று ஒருவரும் சொல்லவில்லை. பாஸ்வேர்டுகளை பீரோக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். ஆயா ஒரு பொங்கலுக்குப் பீரோவைத் துடைத்து வைக்க, பள்ளிக்கூடமே ஒரு வாரம் பூட்டிக்கொண்டது. அன்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆன்லைன் வேலை பார்க்க வந்த பகுதிநேர ஆசிரியையும் ஒரு கட்டத்தில் கம்பெனியில் டேட்டா என்ட்ரிக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் கூட. யானையை வாங்கியாயிற்று, அங்குசத்துக்கு ஆள் இல்லை.

எங்கள் மேலும் குற்றம் உண்டு. ஒரே ஒரு சனிக்கிழமை அப்பா அம்மாக்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த நம்பர்தான் இனிமேல் உங்கள் பிள்ளைக்குச் சாவி, இதைத் தொலைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டம் நிரம்பினால் போதும் என்றிருந்தோம், பத்து மணிக்குள்.

4

ஜீவிதா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். நர்சிங் படிக்க வேண்டும். நர்ஸ் என்றால் உடை வெள்ளையாக இருக்கும், ஊரே மரியாதை கொடுக்கும் என்கிற ஆசை இல்லை அவளுக்கு. அவள் அம்மாவுக்குக் கை முழுக்கப் புண், பாத்திரம் கழுவி வந்தது. சின்ன வயதில் அதற்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிடுவது அவள்தான். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி கட்டுப்போட்ட விதத்தைப் பார்த்துவிட்டு வந்து மறுநாள் வகுப்பில் என் கையைப் பிடித்து அதேபோல் கட்டிக் காட்டினாள். ஆறாம் வகுப்பில். துணிக்குப் பதில் அவளுடைய ரிப்பன்.

கலந்தாய்வுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தளம் பள்ளிப் பதிவிலிருந்தே நம்பரை எடுத்துக்கொள்ளும். அதாவது என் நம்பரை. உள்ளே போக ஓடிபி, மார்க் ஷீட் ஏற்ற ஓடிபி, சாதிச் சான்றிதழுக்கு ஓடிபி. ஒரு வாரம் போல என் காலை நாஷ்டா வேளை முழுக்க அவளோடுதான் போனது. அவளுக்குப் பத்து மணி என்றால் எனக்கு ஆறரை. ஒரு கையில் தோசைக் கரண்டி, இன்னொரு கையில் போன். மகனை எழுப்பு, ஓடிபியை அனுப்பு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவு, வந்துச்சா மிஸ், வந்துச்சு கண்ணு.

கடைசியில் நானே சொன்னேன், நம்பரை மாற்றிவிடு, இவ்வளவு தூரம் இருக்கிறவளை நம்பி இருக்காதே என்று. அவளிடம் இப்போது சொந்தமாகப் போன் இருக்கிறது. மாற்றுவதற்கும் ஒரு ஓடிபி, பழைய நம்பருக்கு. அதுவும் வந்தது. அனுப்பினேன். கேசரி அடிப்பிடித்ததே, அந்தக் காலைதான் அது.

சிறிது நேரம் கழித்து அவள் ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்பினாள். இந்த எண் பல மாணவர்களுடன் இணைக்கப்பட்டுள்ளதால் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, பள்ளியை அணுகவும் என்று ஆங்கிலத்தில் சிவப்பாக இருந்தது. ஒரு நம்பருக்கு இத்தனை பிள்ளைதான் என்று எங்கோ புதிதாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கள்ளப் பதிவுகளைப் பிடிக்க. பிடித்துவிட்டார்கள், என்னை.

5

அதே வாரத்தில்தான் நித்தினின் வகுப்பாசிரியர் எனக்குப் போன் செய்தார். நித்தினுக்குப் பன்னிரண்டு வயது, வேறு பள்ளி. இந்த வருடம் நடந்த ஒரு பெற்றோர் கூட்டத்துக்கும் நாங்கள் வரவில்லையே, ஏதாவது சிரமமா என்று மெதுவாக, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எந்தக் கூட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் "வர இயலாது" என்று செயலியில் எங்கள் பதில் இருக்கிறதாம். காரணமும் எழுதியிருந்தேனாம், நல்ல ஜெர்மனில்.

என் போனில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்ததே நித்தின்தான். பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும். ஸ்கூலிலிருந்து ஏதாவது வந்தால், "நித்தின், என்னன்னு பாருடா" என்று போனை அவனிடம் நீட்டுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

சாயங்காலம் கேட்டேன். மறைக்கவில்லை அவன். ஷூவைக் கழற்றிக்கொண்டே, பாதி ஜெர்மனும் பாதித் தமிழுமாகச் சொன்னான். "நீ வந்து என்னம்மா பேசுவ? நான்தான் பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் உனக்குச் சொல்லணும். எல்லாரும் பார்ப்பாங்க."

அடிக்கக் கை ஓங்கவில்லை. அழவும் இல்லை. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் துணி மடித்தேன். கும்மிடிப்பூண்டியில் பாதி வகுப்புக்குப் பெற்றோர் இடத்தில் நான் இருக்கிறேன். என் சொந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் இடத்தில் அவனே இருக்கிறான். மனசு விட்டுப்போயிற்று. கணவர் வந்ததும் சொன்னேன், அவர் பாஸ்வேர்டை மாற்றலாம் என்றார். ஆம்பளைகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். பேசியது கொஞ்சம்தான். நித்தின் பக்கத்தில் உட்காரவில்லை, வாசலில் நின்றான்.

6

ஜீவிதாவின் கணக்குப் பூட்டைத் திறக்க எஸ்தர் மிஸ் தன் லாகினில் போய் ஒப்புதல் கொடுக்க வேண்டும், அதை மேலே ஒரு அலுவலகம் ஏற்க வேண்டும். அவர் லாகின் எப்போதோ காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பிக்க வந்த ஓடிபி, பள்ளியை விட்டுப் போன அந்தப் பகுதிநேர ஆசிரியையின் நம்பருக்குப் போனது. அவரைத் தேடிப் பிடித்தார்கள், அதுவும் மூன்று நாளுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வைத்து.

லாகின் திறந்தது, ஒப்புதலும் கொடுத்தார். மேலே போய் அது நின்றுகொண்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கவும் எஸ்தர் மிஸ் நேரில் கிளம்பினார். ஒரே மாவட்டம்தான், ஆனால் கும்மிடிப்பூண்டி ஒரு ரயில் பாதை, திருவள்ளூர் வேறு பாதை. பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறிப் போனார், முட்டி வலியோடு. அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். போய்விட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். அதுவரை அவர் அழுது நான் கேட்டதே இல்லை.

"இவ என் புள்ள, என் ஸ்கூல்ல படிச்ச புள்ளன்னு எழுதி, சீல் வெச்சி, பச்ச இங்க்ல கையெழுத்துப் போட்டு எடுத்துக்கினு போனேன் கலா. அந்தத் தம்பி நல்லாத்தான் பேசுனாரு, தண்ணிகூடக் குடுத்தாரு. ஆனா லெட்டர வெக்க எடம் இல்லன்னுட்டாரு. ஸ்கிரீன்ல அதுக்குக் கட்டம் இல்லியாம்."

முப்பது வருடம் அந்தப் பச்சைக் கையெழுத்துக்கு மதிப்பு இருந்தது. அதை வைத்துப் பிள்ளைகள் பாஸ்போர்ட் வாங்கினார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம்கூட நடந்தது. நான் இங்கே இருந்து அந்தத் தளத்தின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன், வெளிநாட்டிலிருந்து லைன் போகவில்லை. மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் புகார் பதிவுசெய்யப்பட்டது என்று உடனே பதில் வந்தது. அதற்குப் பிறகு வேறொன்றும் வரவில்லை.

கடைசி நாளன்று ஜீவிதா பிரவுசிங் சென்டரிலேயே இருந்தாள். மூடும்வரை இருந்தாள். நான் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு போனையும் ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு பரிமாறினேன். வேலை நேரத்தில் வைத்திருக்கக் கூடாது, வைத்திருந்தேன். ஓடிபி வரவில்லை. வந்தது கன்னியம்மாவின் குரல், மகள் போனிலிருந்து.

"டப்பு கட்டணும்னா எங்கன்னா பொரட்டிக் கட்டியிருப்பேன் மிஸ். நம்பரு இல்லன்றாங்களே, நான் அத்த எங்க போயி வாங்குவேன்?"

நம்பர் என்னிடம் இருந்தது. என் கையிலேயே இருந்தது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பதை அந்த அம்மாளுக்கு எந்த மொழியில் சொல்வது?

7

கோடை விடுமுறை முடிந்து இங்கே பள்ளி திறந்த வாரம். இலை பழுக்கத் தொடங்கியிருந்தது. காலையில் நித்தினுக்கு ரொட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பழைய போன் சத்தம் போட்டது. மிஸ்டு கால் எதுவும் வரவில்லை, நேராக மெசேஜ். உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது, கைபேசி எண்ணை மாற்றிக்கொள்ள இந்த ஓடிபியைப் பயன்படுத்தவும். இதில் விண்ணப்ப எண்ணும் இருந்தது. ஜீவிதாவுடையது. எனக்கு அது மனப்பாடம்.

கலந்தாய்வு முடிந்து இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கை நிற்கவில்லை. நம்பராவது அவள் பெயருக்கு மாறட்டும், அடுத்த வருடத்துக்காவது ஆகும் என்று அனுப்பினேன். ஒரே ஒரு சாம்பல் டிக். கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பத்து நிமிடம் என்பது எவ்வளவு என்று அன்று தெரிந்தது, ரொட்டியைப் பாதி கட்டியபடி நின்றேன். நித்தின், "அம்மா, லேட்டாச்சு" என்றான். எஸ்தர் மிஸ்ஸைக் கூப்பிட்டேன்.

"அவ கம்பெனிக்குப் போறாளே கலா, உனக்குச் சொல்லலியா? மொத ஷிப்ட்டு. கேட்லயே போன வாங்கி வெச்சிக்குவாங்க."

எனக்குச் சொல்லவில்லை. மிஸ் வருத்தப்படுவாங்க என்று நினைத்திருப்பாள். அந்த வகைப் பெண்தான்.

அவர்களுக்கு மூன்று மணிக்கு ஷிப்ட் முடிகிறது. எனக்கு அப்போது சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு அடுக்குகிற நேரம். நீல டிக் விழுந்தது. கொஞ்சம் கழித்து அவள் குரல். பாத்திர அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். பின்னால் கம்பெனி பஸ்ஸின் இரைச்சல், பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம். அவள் குரலில் அழுகை எதுவும் இல்லை. என்னைத் தேற்றுகிற குரல் அது.

"மிஸ், இப்பத்தான் போன் குடுத்தாங்க. ஓடிபி முடிஞ்சி போச்சு போல. பரவால்ல மிஸ், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு பெரிய மிஸ் சொல்லுறாங்க. எங்கம்மாவும் அத்தான் சொல்லுது. என் தம்பிக்கு மட்டும் அவன் ஸ்கூல்ல என் நம்பரக் குடுத்துட்டு வந்துட்டேன், இத்த நான் மாத்தவே மாட்டேன். இங்க வேல ஒண்ணும் கஷ்டம் இல்ல மிஸ், டப்பாவுல பார்ட்ஸ் அடுக்குறதுதான். சேரக்குள்ளகூட ஒண்ணுமே கேக்கல. நம்பர் கேக்கல, ஓடிபி கேக்கல. பேர மட்டும் எழுதி, போட்டோ புடிச்சிக்கினாங்க. மறுநாள் மெஷினுக்கு நேரா நிக்கச் சொன்னாங்க. மொகத்தக் காட்டுனேன், என் பேரு வந்துடுச்சி."